வராத உள்ளான்

கண்டி வாவிக்கு வராத ஒரு பறவையை வந்துவிட்டது என்று நான் ஒருமுறை பொய் சொன்னேன். அதைச் சொல்லி அனுப்பியது என் அத்தைதான் என்று கூடவே இன்னொரு பொய்யும் சொன்னேன். அத்தையின் கலியாணம் நின்றுபோயிற்று. அப்போது எனக்கு எட்டு வயது. எட்டு வயதுப் பிள்ளை சொன்னதை யார் பெரிதாக எடுப்பார்கள் என்று என் மனைவி ஆறுதல் சொல்வதுண்டு. அதை ஒருவரிடமும் ஒப்புக்கொள்ளாமலே நான் மீசை முளைத்து, படித்து, வேலைக்கும் போய்விட்டேன் என்பதை அவளுக்கு நான் நினைவூட்டுவதில்லை.

இப்போதெல்லாம் தலதா மாளிகைப் பெரஹெரா ஊர்வலம் முடிந்து ஊரில் யானை வாடை அடங்கியதும் காலையில் வாவியைச் சுற்றத் தொடங்கிவிடுவேன். குளிர்காலத்தை இங்கே கழிக்க வரும் பறவைகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கும் காலம் அது. பேராதனையில் படிக்கும் பிள்ளைகள் சிலரும் சுற்றுவார்கள். பார்த்ததை நின்ற இடத்திலேயே கைபேசியில் பதிந்துகொள்வார்கள். "அங்கிள், இன்னைக்கு என்னா பாத்தீங்க?" என்று கேட்பார்கள். பார்த்ததைச் சொல்வேன். பார்த்ததுபோல இருந்ததைச் சொல்லமாட்டேன். இந்தக் கிழவர் ஏன் ஒரு குருவிக்கு இவ்வளவு யோசிக்கிறார் என்று அவர்களுக்குச் சிரிப்பு.

எங்கள் வீடு வாவிக்கு மேலே ஏறிப்போகும் ஒடுங்கிய பாதையொன்றில் இருந்தது. பின்படியில் நின்றால் மரங்களுக்கு நடுவே தண்ணீர் தெரியும். அப்பா கண்டி நகரத்துக் கொழும்புத் தெருவில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். அவருடைய தங்கையான என் அத்தை, கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். இருவரும் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, மலையிறங்கி வந்தவர்கள். அத்தைக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் அதைப்பற்றிப் பேசும்போது என்னை வெளியே போய் விளையாடச் சொல்வார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் வாவியைச் சுற்றி நடப்பதுதான் அத்தைக்கு இருந்த ஒரே உல்லாசம். கலியாணமாகாத பெண் தனியாக நடக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஆகவே நான் கூடப் போனேன். என்னைக் காவலுக்கு அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அத்தைதான் பிரியப்பட்டு எனக்குக் கடலை வாங்கித்தரக் கூட்டிப்போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

வாவியின் ஒரு முனையில் ஓடை வந்து விழும் இடத்தில் சேறும் கற்களும் தெரியும். அங்கேதான் அவரைப் பார்ப்போம். பேராதனைச் சந்தி ரயில் ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர், எங்களைப் போலவே கத்தோலிக்க வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அத்தை அவரைக் கண்டிருக்கிறாள். அவருடைய கழுத்தில் கறுப்பாக, கனமாக ஒரு தூரக்கண்ணாடி தொங்கும். தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போன துரை ஒருவரின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்ததாம். மற்றவர்கள் கட்டிலும் கதிரையும் எடுத்தபோது தான் இதை எடுத்ததாகவும், அதற்காக அண்ணனிடம் ஏச்சு வாங்கியதாகவும் சொல்வார்.

நான் அவரைப் 'பேராதனை மாமா' என்று கூப்பிட்டேன். முதல்முறை கூப்பிட்டபோது அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தண்ணீரைப் பார்த்தாள். தெரிந்த ஆண்களையெல்லாம் மாமா என்பது எங்கள் வழக்கம். அத்தையைக் கட்டுகிறவரையும் அப்படித்தான் கூப்பிடவேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பறவையின் பெயரை அவரிடம்தான் கேட்டேன். மேலே மண்ணிறம், கீழே வெள்ளை, தோளோரம் ஒரு வெள்ளைக் கீற்று. ஒரு கல்லில் நின்று, யாரோ கேட்கும் கேள்விக்கெல்லாம் ஆமாம் போடுவதுபோல வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

"இஞ்ச பாரும் தம்பி, உள்ளான்."

உள்ளான் என்றால் இருக்கிறான் என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன்.

"யாரு உள்ளான்?"

"ஒருத்தருமில்லை. குருவியின்ர பேரே அதுதான்."

"எங்க உள்ளான்?"

"அந்தக் கல்லில உள்ளான்."

"உள்ளான் உள்ளான்னு சொல்லணுமா?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் பிரம்போடு நிற்கிறவள் அப்படிச் சிரிப்பாள் என்று நான் நினைத்ததில்லை. அவர் உற்சாகமாகிவிட்டார். "எங்கட ஊரில உதைப் பிடிச்சுக் கறி வைப்பினம்," என்றார்.

"சீ! இத்தனூண்டு குருவியவா?" என்றாள் அத்தை.

"நான் தின்னிறேல்ல. பாக்கிறதோட சரி."

"நம்பலாமா?"

"ஓம், நம்பலாம்," என்று அவர் குருவியைப் பார்த்தபடியே சொன்னார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்கு ஒரு நீண்ட கனவுபோலத்தான் நினைவிருக்கிறது. மலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரம் போய்விடும். தண்ணீரின் மேல் பனி மெல்ல இறங்கும். நடுவிலுள்ள தீவின் மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். தூரக்கண்ணாடியை அவர் என் கண்ணில் வைத்துப் பிடிப்பார். முதலில் இரண்டு வட்டங்கள் தெரியும். பிறகு அவை ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஒரே வட்டமாகும். அதற்குள் அந்த உள்ளான் என் மூக்கு நுனியில் நிற்பதுபோல நிற்கும். அதன் கண்ணைச் சுற்றியிருக்கும் வெள்ளை வளையம்கூடத் தெரியும். ஆனால் சத்தமே இருக்காது. அவ்வளவு கிட்டத்தில் ஒன்று இருந்தும் அதன் சத்தம் கேட்காமலிருப்பது எனக்கு அதிசயமாக இருந்தது. கண்ணாடியை எடுத்தால் பறவை திரும்பவும் தூரத்துக்குப் போய்விடும். பக்கத்தில் அத்தையும் அவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது மட்டும் கேட்கும். நான் திரும்பவும் கண்ணாடிக்குள் போய்விடுவேன்.

வாவியைச் சுற்றி அலையலையாக ஒரு வெள்ளை மதில் உண்டு. அதில் முக்கோணமான துளைகள். கண்ணாடி என் கையில் இல்லாதபோது நான் ஒரு துளைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வாவியைப் பார்ப்பேன். பொழுது படும்போது நகரத்துக் கம்பிகளில் தூங்குவதற்காக வால்நீண்ட சின்னக் குருவிகள் கூட்டங்கூட்டமாகத் தலைக்கு மேலே போகும். அவையும் தூரதேசத்துக் குருவிகள்தான் என்று அவர் சொன்னார். எங்கள் கல்லில் நின்ற உள்ளான் இமயமலைக்கு அங்கால இருந்து வருகிறதாம். வருஷாவருஷம் அதே கல்லுக்கு வருமாம். பங்குனியில் ஒரு சனிக்கிழமை அது இல்லை. "போட்டுது," என்றார் அவர். அத்தை அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பருவம் தொடங்குமுன் அவர் ஒரு பந்தயம் வைத்தார். உள்ளான் வந்ததை யார் முதலில் பார்க்கிறார்களோ அவரிடம் ஒரு வாரத்துக்குத் தூரக்கண்ணாடி இருக்கும். எனக்குத் தூக்கம் போயிற்று.

அதே சமயம் பெரியவர்களுக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதை நான் பின்னாலேதான் அறிந்தேன், இங்கே முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அவர் அத்தையைப் பெண் கேட்க விரும்பினார். அப்பாவுக்கும் மறுப்பில்லை. ஆனால் இந்திய வம்சாவளி என்று எங்களுக்கு அப்போது பிரஜாவுரிமை இல்லை. இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டிலேயே வளர்ந்து, இந்த நாட்டுக்காரர் என்று எழுதித்தரும்படி மனுப்போட்டுவிட்டுக் காத்திருந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. விசாரணை முடிந்திருந்தது, பத்திரம் வரவில்லை. "பேப்பர் வரட்டும்," என்று அப்பா சொல்லியிருக்கிறார். "அதுக்கு முன்னால யாரும் பொண்ணு கேட்டு வர வேணாம். என் வீட்டுல ஒக்காந்து, என் டீயக் குடிச்சிக்கிட்டே ஒருத்தன் என்கிட்ட அந்தக் கேள்வியக் கேக்கக்கூடாது."

அந்தப் பேச்சை என் முன்னால் பேச முடியாததால் அவர்கள் இருவரும் பத்திரத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். "உள்ளான் வந்தவுடனே சொல்லியனுப்புறேன்," என்பாள் அத்தை. "உள்ளான் வந்தால்தான் நான் அண்ணையைக் கூப்பிடலாம்," என்பார் அவர். ஒரு குருவியைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணனை எதற்குக் கூப்பிடவேண்டும் என்று நான் யோசித்தேன். அவரும் பறவை பார்க்கிறவராக இருக்கும் என்று முடிவுசெய்துகொண்டேன்.

ஐப்பசி மழைக்கு முந்திய ஒரு சனிக்கிழமை அத்தைக்குக் காய்ச்சல். படுத்தபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"ஓடிப்போய் மாமாகிட்ட சொல்லிட்டு வா. உள்ளான் இன்னும் வரலன்னு சொல்லு. அவ்வளவுதான். நீயா ஒண்ணும் சேத்துச் சொல்லாத, வெளங்குதா?"

"வெளங்குது அத்தை."

நான் மதிலோரமாக ஓடினேன். அவர் வழக்கமான இடத்தில் நின்றார். கல்லைப் பார்த்தேன். வெறுங்கல். தூரக்கண்ணாடி அவருடைய நெஞ்சில் கிடந்து மெல்ல அசைந்தது.

"அத்தை எங்க தம்பி?"

"காய்ச்சல்."

"ஐயோ. என்னவாம், ஏதும் சொல்லி விட்டவவோ?"

வழி நெடுக நான் அந்த வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். உள்ளான் இன்னும் வரல. உள்ளான் இன்னும் வரல. வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"உள்ளான் வந்துருச்சு."

நான் அந்தக் கல்லைக் காட்டவும் தயாராக இருந்தேன். இப்போதுதான் பறந்துபோனது என்று சொல்வதற்கும் தயாராக இருந்தேன். ஆனால் அவர் தண்ணீரின் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்தார். ஒரு பறவை வந்துவிட்டது என்றால் யாரும் முதலில் பறவையைத்தானே பார்ப்பார்கள் என்று எனக்கு அந்த நேரத்திலும் ஆச்சரியமாக இருந்தது.

"ஆர் சொன்னது? அத்தை சொன்னவவோ?"

"ஆமா. அத்தைதான் சொல்லச் சொன்னாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். அவசரத்தில் வார் என் காதில் சிக்கியது. "ஒரு கிழமைக்கு உம்மட. அத்தையிட்டச் சொல்லும், வாற கிழமை இல்லை, அதுக்கடுத்த ஞாயிறு பூசை முடிய அண்ணையோட வாறன் எண்டு. மறந்துபோடாதையும்."

நான் மறக்கவில்லை. அந்தச் செய்தியை ஒரு சொல்லும் பிசகாமல் அத்தையிடம் ஒப்பித்தேன். போர்வைக்குள்ளிருந்து அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்தாள்.

"நீ அவருகிட்ட என்னாடா சொன்ன?"

"நீங்க சொன்னதத்தான்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காய்ச்சல் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் பின்படிக்குப் போனேன்.

அடுத்த சனிக்கிழமை கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று பயந்துகொண்டிருந்தேன். அன்று மழை பிடித்துக்கொண்டது, யாரும் போகவில்லை. ஆக, அந்த நாட்களெல்லாம் நான் கண்ணாடிக்குள்ளேதான் வாழ்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பின்படி. தலதா மாளிகைக் கூரை, தீவு, படகுத்துறை, எதிர்ப்பக்கத்துப் பாதையில் குடையோடு போகும் பிக்குகள். ஒரு மேகம் மலையிலிருந்து இறங்கிவந்து மாரா மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பித் தருவதைப் பார்த்தேன். கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தால் எங்கள் கோழிக்கூடு சீமைக்குப் போய்விடும்.

அவர் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் அதில் அத்தையும் தெரிந்தாள். பக்கத்து வீட்டுப் பறங்கி அம்மாவின் வாசலிலிருந்து ஒரு தட்டில் பீங்கான் கோப்பைகளை வைத்து, சேற்றில் கால் வழுக்காமல் பாதையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். வட்டத்துக்குள் சத்தமில்லாமல், மிகப் பெரிதாக, என்னை நோக்கி வந்தாள். பொன் விளிம்பிட்ட கோப்பைகள். எங்கள் வீட்டில் அப்படிப்பட்டவை கிடையாது. குழந்தை யேசுவின் திருநாளுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே என்று நினைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வந்து கொஞ்ச நேரத்தில் அவர் தன் அண்ணனோடு வாசலில் நின்றார். அண்ணன் வேட்டியும் கோட்டுமாக, முதல்நாள் ரயிலில் வந்த களைப்போடு, கையில் ஒரு ஓலைப்பெட்டியோடு இருந்தார். உள்ளே பனங்கட்டி. அப்பாவின் முகம் மாறிப்போனது. வாசலில் நிற்பவர்களைப் போகச் சொல்ல முடியாது. "வாங்க, வாங்க, ஒக்காருங்க," என்றார். அம்மா சமையலறைக்கு ஓடினாள். அங்கே தேயிலை ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்தது.

அண்ணன் கெட்ட மனிதர் அல்ல. வீட்டைப் புகழ்ந்தார். கண்டிக் குளிரைத் திட்டினார். என் தலையைத் தடவிப் படிப்பைக் கேட்டார். அத்தை தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அண்ணன் ஒரு மிடறு குடித்தார்.

"குறை நினையாதேங்கோ," என்றார் அப்பாவிடம். "உங்கட ஆக்களுக்குப் பிரஜாவுரிமை கிடைச்சிட்டுதுதானே?"

அப்பா தன் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ளிகேஷன் போட்டிருக்கு. விசாரணையும் முடிஞ்சுருச்சு. பேப்பர் இன்னும் வரல."

"வரேல்லையோ?" அண்ணன் தம்பியின் பக்கம் திரும்பினார். "எல்லாம் சரிவந்திட்டுது எண்டெல்லோ நீ சொன்னனீ?"

பேராதனை மாமா அத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கண்ணாடி இன்னும் என் கழுத்தில்தான் இருந்தது. நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து கோப்பைக்குள் பார்த்தார்.

"அப்ப இப்போதைக்கு இந்தியாக்காரர்தான்," என்றார் அண்ணன் மெதுவாக.

"நான் பொறந்தது மடுல்கெல்ல. எங்கப்பா பொறந்தது கம்பளைக்கு அந்தப் பக்கம். இந்தியாவ நான் மேப்புலதான் பாத்திருக்கேன்."

"நான் இல்லையெண்டு சொல்லேல்ல. தம்பி கவண்மேந்து உத்தியோகத்தில இருக்கிறவன். நாளைக்குப் பிள்ளையள் பிறந்தால் அதுகளின்ர பாடு என்ன? அதுதான் கேட்டனான். உங்கட ஆக்களைக் குறைச்சுச் சொல்லேல்ல."

"எங்க ஆளுங்க," என்றார் அப்பா.

எல்லோரும் காத்திருந்தார்கள். யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கூரையில் மழை தொடங்கியது. பேராதனை மாமா இன்னும் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார், அடியில் ஏதோ கிடப்பதுபோல. பிறகு அண்ணன் எழுந்தார், அவரும் எழுந்தார். பனங்கட்டிப் பெட்டி மேசையிலேயே இருந்தது.

அவர்கள் போனபின் அப்பா கேட்டார், "பேப்பர் வந்துருச்சுன்னு இவங்களுக்கு யாரு சொன்னா?"

நான் கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

"நான்தான் அண்ணே," என்றாள் அத்தை.

அப்பா அவளைத் திட்டியது எனக்கு நினைவில்லை. திட்டாமல் அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும், அது கீழே விழுந்ததும், அவர் திரும்பவும் மாட்டியதும்தான் நினைவிருக்கிறது. எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக விளங்கியது. நான் தப்பித்துவிட்டேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், அன்று எனக்கு வந்தது நிம்மதிதான்.

சில நாட்களில் உண்மையான உள்ளான் வந்தது. பின்படியிலிருந்து அல்ல, மதிலின் துளை வழியாகப் பார்த்தேன். அதே கல்லில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. சொல்வதற்கு யாரும் இல்லை. அவர் மாற்றம் கேட்டு வடக்கே போய்விட்டார் என்று ஸ்டேஷன் பக்கம் போய்வந்த யாரோ சொன்னார்கள். தூரக்கண்ணாடியை அத்தை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள். எங்கள் பிரஜாவுரிமைப் பத்திரம் பங்குனியில் வந்தது. அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார், அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில். அத்தை அதைத் தூசு தட்டி நான் பார்த்ததில்லை.

வேறு சம்பந்தங்கள் வந்தன. அவள் ஒன்றுக்கும் தலையசைக்கவில்லை. அவள் சனிக்கிழமைகளில் நடப்பதை நிறுத்தவும் இல்லை. வயதானபின் அவளுக்குக் காவல் தேவைப்படவில்லை.

நான் படித்து நில அளவையாளனானேன். வேலை நாளெல்லாம் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கண்ணாடிக்குள் பார்ப்பதுதான் தொழில். என் கலியாணப் பேச்சு தொடங்கியபோது, பெண் பார்க்க அத்தைதான் முன்னால் நடந்தாள். அன்று அங்கே தேநீர்த் தட்டோடு வந்த பெண்ணை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த மார்கழியில் யாருக்கும் சொல்லாமல் அலுமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு வடக்கே ரயிலேறினேன்.

ஆனையிறவுக்குக் கிட்ட, கடல்நீர் ஏரியோரம் ஒரு சின்ன ஸ்டேஷனில் அவர் மாஸ்டராக இருந்தார். தலை நரைத்திருந்தது. நான் கண்ணாடியை மேசைமேல் வைத்து, "சேர், இது உங்களது," என்றேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னை. "முந்தி மாமா எண்டெல்லோ கூப்பிட்டனீர்," என்றார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கல்லில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன், கண்ணாடிக்கு ஆசைப்பட்டுச் சொன்னேன், அத்தை வேறு சொல்லித்தான் அனுப்பினாள் என்று. உள்ளேயிருந்து அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தம்பி இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். பின்னால் ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தது.

அவர் என்னைப் பிளாட்பாரத்தின் கோடிக்குக் கூட்டிப்போனார். எதிரே வானமும் தண்ணீரும் பிரியாமல் கிடந்தன. ஆழமில்லாத அந்த வெள்ளை வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கில் பறவைகள். எல்லாம் உள்ளான் இனங்கள்தாம். ஒரு கூட்டம் எழுந்து, புகைபோலத் திரும்பி, வெள்ளையாகி, மண்ணிறமாகி, மறைந்து, திரும்பவும் இருந்த இடத்திலேயே இருந்தது. எங்கள் வாவியில் ஒரு கல்லுக்கு ஒன்றுதான். அந்த ஒன்றுக்காக நாங்கள் எவ்வளவு காத்திருந்தோம்.

"அத்தை சுகமா இருக்கிறாவோ?"

"இருக்காங்க."

"ஒரு செய்தி சொல்லிவிட்டால் கொண்டுபோய்க் குடுப்பீரோ?" அவர் சிரிக்கவில்லை. "கூட்டாமல், குறைக்காமல்."

"கொடுப்பேன்."

"அண்டைக்கு நான் கோப்பைக்குள்ள பாத்துக்கொண்டிருந்தனான் எண்டு சொல்லும். அவ்வளவுதான்."

கண்ணாடியை அவர் தன் கண்ணில் வைத்துப் பார்க்கவில்லை. மகளைக் கூப்பிட்டு அவளுடைய கழுத்தில் மாட்டிவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு வசனத்தையே சொல்லிக்கொண்டு வந்தேன், எட்டு வயதில் ஓடியதுபோல. அத்தை பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். முதலில் என் பொய்யை அவளிடம் சொன்னேன். பிறகு செய்தியைச் சொன்னேன், அவருடைய பேச்சிலேயே, ஒரு சொல் பிசகாமல்.

அவள் பேனையை மூடினாள். "வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல அத்தை."

"நீயா எதையும் முழுங்கலியே?"

"இல்ல."

"பரவால்ல, தேறிட்ட," என்றாள். கொஞ்சம் சிரித்தாள். "நீ சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியாதா? கண்ணாடியக் கழுத்துல போட்டுக்கிட்டு வந்து நின்னப்பவே தெரியும். அவங்க வர்றதுக்கு எத்தன நாள் இருந்துச்சு. வேணாம்னா உன்னையே திரும்ப அனுப்பியிருக்க மாட்டேனா?"

"அப்ப ஏன் அத்தை அனுப்பல?"

"பேப்பர் வந்த பொறகுன்னா யாரு வேணும்னாலும் வரலாம்டா. அது இல்லாதப்ப வந்து, அந்தக் கேள்வியும் வந்து, அப்ப இவரு வாயத் தொறக்கிறாரான்னு பாக்கணும்போல இருந்துச்சு." கொப்பியைத் திரும்பவும் எடுத்தாள். "பாத்தேன்."

அப்பாவிடம் அவள் "நான்தான்" என்றபோது எனக்காகப் பழியை ஏற்றாள் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவள் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் என் கணக்கு அதனால் தீரவில்லை. அத்தை சொன்னபடி நான் சொல்லியிருந்தால் பங்குனியில் பத்திரம் வந்திருக்கும், அவர் வந்திருப்பார், அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அவர் கோப்பைக்குள் பார்க்கக்கூடியவர் என்பது தெரியாமலே அவள் அவரோடு நிறைவாக வாழ்ந்திருக்கவும் கூடும். அது நல்லதாக இருந்திருக்குமா என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்," என்று நடையைத் தொடர்ந்தாள். அதன்பின் பல குளிர்காலங்கள் நாங்கள் இருவரும் சனிக்கிழமைகளில் வாவியைச் சுற்றினோம், கண்ணாடியில்லாமல், வெறுங்கண்ணால். கல்லில் பறவை நின்றால் அவள்தான் முதலில் காண்பாள். பெயர் சொல்லமாட்டாள், முழங்கையால் என்னை இடிப்பாள். அவள் போய்ச் சில வருஷமாகிறது. அந்தக் கல்லுக்கு வரும்போது இன்றைக்கும் என் விலா தானாகக் கொஞ்சம் ஒதுங்குகிறது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரத்தைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். வட்டத்துக்குள் அத்தை இரவல் கோப்பைகளோடு சேற்றைக் கடந்து வருகிறாள். எதற்கென்று பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது. யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் அவள் தனக்குள்ளே சிரித்துக்கொண்டு வருகிறாள். அவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடியை வாவியின் பக்கம் திருப்பினேன்.